தட்டோரத்து விரல்கள்

எங்கள் வீட்டில் தட்டில் சோறு விழுந்ததும் கை வைக்கக் கூடாது. முதலில் போட்டோ. அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் மஸ்கட் போக வேண்டும். அங்கே என் மனைவி பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழ வேண்டும். அப்புறம் அவள் குரல் போனில் வரும்: "சாப்புடு கண்ணு." அதற்குப் பிறகுதான் முதல் கவளம். இரண்டரை வருஷம் நானும் என் மகளும் இப்படித்தான் சாப்பிட்டோம். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தாய் கடல் தாண்டிப் போன வீட்டில் பிள்ளைக்கு எப்படிச் சோறு போடுவது என்று எந்த மகராசனும் வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவருக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. என் மனைவி நர்ஸ். செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். நாங்கள் கட்ட ஆரம்பித்த வீடு பாதியில் நின்றது. பின் அறைக்குத் தளம் போடவில்லை. சமையலறைக்குக் கதவு இல்லை. அவளுடைய பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துத் தொங்கவிட்டிருந்தோம். அப்போதுதான் மஸ்கட்டில் வேலை வந்தது. மகளுக்கு நாலு வயது. போகலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் சண்டை. நான் போகாதே என்றால் அவள் போயே தீருவேன் என்பாள். சரி, போ என்றால் உட்கார்ந்து அழுவாள். கடைசியில் போனாள்.

ஏர்போர்ட் வாசலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவ என்ன மறந்துட மாட்டா இல்ல?"

"மறக்க வுட மாட்டேன், போ" என்றேன்.

வாய் சும்மா இருக்கிறதா? சொல்லிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளை என் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தது. எப்படி மறக்க விடாமல் வைத்திருப்பது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

முதலில் எல்லாரையும் போல வீடியோவில்தான் பேசினோம். பிள்ளை திரைக்கு முத்தம் கொடுக்கும். பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும். அங்கே அம்மா இல்லை என்றதும் என் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தேடும். லைன் கட்டானதும் ஆரம்பிக்கும் அழுகை. தொண்டை கட்டி, தின்றதெல்லாம் வெளியே வரும்வரை அழும். மூன்றாவது வாரம் காய்ச்சலே வந்துவிட்டது. ஏற்கெனவே ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்ன பிள்ளை. இதில் வாந்தி வேறு.

அன்றைக்கு அவள்தான் சொன்னாள். "வேணாம்யா. என் மூஞ்சிய பாத்தாதான் அவளுக்குப் பேஜாரு. வீடியோ போடாத. அவ துன்ற தட்ட மட்டும் ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு. இன்னா துன்றான்னாவது நான் பாக்குறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் ஸ்கூல் டப்பா, ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு. அவள் குரலில் பதில் வரும். குரல் கேட்டால் பிள்ளை அழவில்லை. போனுக்குள் அம்மா பேசுகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டது.

போவதற்கு முன்னால் அவள் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். திங்கள் சிறுகீரை, செவ்வாய் அவரைக்காய், புதன் கேழ்வரகு அடை என்று ஏழு நாளைக்கும். கீழே சிவப்புப் பேனாவில்: மைதா வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், கலர் போட்ட எதுவும் வேண்டாம். அதற்கும் கீழே இரண்டு கோடு போட்டு: பரோட்டா கடைப் பக்கமே போகாதே. இது பிள்ளைக்கு இல்லை, எனக்கு.

எனக்கு அதற்கு முன்னால் சமையல் என்றால் வெந்நீர். ஆனால் அவளிடம் தோற்கக் கூடாதே. காலையில் வேன் எடுப்பதற்குமுன் கரைக்குப் போனால் மீன் விற்கிற அக்கா உட்கார்ந்திருக்கும். நான் நெத்திலியை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பேன்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு பாக்க வந்த மாரி பொறுக்கிகினு கீற?" என்று கேட்கும்.

"வூட்டுல ஒரு அதிகாரி கீறாங்கக்கா. மஸ்கட்லேர்ந்து முள்ளு எண்றாங்க" என்பேன்.

உண்மைதான். போட்டோ போய்ச் சேர்ந்ததும் தீர்ப்பு வரும். பிள்ளைக்கு "சாப்புடு கண்ணு" ஒன்று. எனக்குத் தனியாக இன்னொன்று. "யோவ், பீட்ரூட்ட இன்னாய்யா கரியாக்கி வெச்சிகீற?" "கீரையில இம்மாம் தண்ணியா, நீச்சல் அடிக்கவா?" "முட்ட பொரியல் மூணு நாளா வருது. கோழிப்பண்ண வெச்சிகீறியா?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நானும் விடமாட்டேன். "ஆமாம்மே, நீ அங்க ஏசி ரூம்ல ஒக்காந்துகினு நாட்டாமை பண்ணு, நான் இங்க கரண்டியோட சாவறேன்" என்று திருப்பி அனுப்புவேன். வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு நடுவில்கூட அனுப்பியிருக்கிறேன். அந்தச் சண்டை இல்லாத நாளில் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

புதன்கிழமைதான் எனக்குச் சனி. கேழ்வரகு அடை. மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு போட்டுப் பிசைந்து தட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கிறது. தோசைக்கல்லுக்குப் போவதற்குள் நாலு துண்டு. நாலு வாரம் நாலு துண்டாகவே போட்டோ போனது. ஐந்தாவது வாரம் அவள் கேட்டாள்.

"இன்னா தண்ணி ஊத்தற?"

"பச்சைத் தண்ணி."

"அட என் மண்டு. கொதிக்கிற தண்ணி ஊத்தணும்யா. மாவு வெந்தாதான் ஒட்டும். கரண்டில கிளறி, கை பொறுக்கற சூட்டுல பிசை. ஈரத் துணில தட்டு."

கை வெந்தது. ஆனால் அடை வட்டமாக வந்தது. அன்றைக்கு நானே அழுதுவிட்டேன். இருபது நிமிஷம் வேலை செய்து ஒரு வட்டம் வந்ததற்கு ஆம்பளை அழுவானா? அழுதேன். அவள் இருந்தால் அந்த வட்டத்தைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பாள் என்று நினைப்பு வந்துவிட்டது.

நாலு ஐந்து மாதத்தில் போட்டோ வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். தட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவள்தான் சொல்வாள். சோறு நடுவில், கீரை வலது பக்கம், முட்டை அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி முன்னால். முதலிலிருந்தே பழகியபடி இடது கையால் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள், நான் எடுப்பேன். எடுத்ததும் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கோடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எழுத்தே தெரியாத வயதில் அந்த இரண்டு கோடு தெரியும்.

அங்கே ட்யூட்டி என்றால் போனைத் தொட முடியாது. பத்து நிமிஷம் ஆகும், சில நாள் அரை மணி ஆகும். ரசம் ஆறும். சோறு விறைத்துப்போகும். "துன்னும்மா, அம்மா அப்பால பாக்கும்" என்றால் தலையை ஆட்டமாட்டாள், பேசமாட்டாள், சும்மா கோட்டைப் பார்ப்பாள். எனக்கு அடிக்கக்கூடக் கை ஓங்கியிருக்கிறது. அப்புறம் ஏர்போர்ட் வாசலில் சொன்ன சொல் ஞாபகம் வரும். அவள் காத்திருக்கிறாள் என்றால் மறக்கவில்லை என்று அர்த்தம். கையை இறக்கிவிடுவேன்.

ஒரு தை மாதம் சனிக்கிழமை வேன் ஓட்டம் இல்லை. வேடந்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தக்காளிச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டோம். ஏரி நடுவில் இருக்கிற மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறவை. ஒரு கூழைக்கடாக் குஞ்சு தாயின் வாய்க்குள் தலையையே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நைனா, அதுக்குப் போட்டோ வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். போட்டோ எடுத்தேன். போகவில்லை. டவர் இல்லை. இங்கே நின்று பார்த்தேன், அங்கே நின்று பார்த்தேன், கையைத் தூக்கிப் பார்த்தேன். பிள்ளை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது.

"ஒரு நாளு போட்டோ இல்லாம துன்னா இன்னாவாம்?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் பைனாகுலர் வைத்துப் பறவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனுக்குப் பசிக்கல நைனா" என்றாள். அவள் வயிறு கத்துவது எனக்குக் கேட்டது.

டப்பாவை மூடி வேனை எடுத்தேன். படாளம் கூட்டு ரோடு வந்தபிறகுதான் போட்டோ போனது. அவள் ட்யூட்டியில் இருந்தாள். நீலம் விழும்போது மூன்று மணிக்கு மேல். "சாப்புடு கண்ணு" வந்ததும் பிள்ளை ஒரு பருக்கை விடாமல் தின்றது. ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறக்க விடாமல் வைத்திருக்கிறேன் என்று சந்தோஷப்படுவதா, பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். மழைக்காலம். கல்பாக்கம் போகிற வழியில் வேன் டயர் பஞ்சர். நாள் முழுக்க நனைந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எந்தக் கடைப் பக்கம் போகாதே என்று எழுதியிருந்தாளோ, அந்தக் கடைக்கே போய் மூன்று பரோட்டா வாங்கி வந்தேன். அதைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பழைய போட்டோ ஒன்றைத் தேடி அனுப்பினேன். பத்து நாளைக்கு முந்தைய சிறுகீரை மசியலும் சோறும். பிள்ளையிடம் அம்மா பார்க்கும் என்று சொல்லிவிட்டேன். நீலக் கோடும் விழுந்தது.

"சாப்புடு கண்ணு" வரவில்லை. போன் அடித்தது.

"இது என்னிக்கு எடுத்ததுய்யா?"

"இன்னிக்குதான்."

"பொய் சொல்லாத. பழசு இது. எனுக்குத் தெரியும். இன்னா குடுத்த புள்ளைக்கு?"

பகலெல்லாம் நனைந்த கோபம், மாட்டிக்கொண்ட கோபம், எல்லாம் சேர்ந்துகொண்டது. "பரோட்டா குடுத்தேன்டி. செத்தா பூட்டா? நீ தட்டுக்கு அம்மாவா, புள்ளைக்கு அம்மாவா? தட்டத்தான பாக்கற. அந்தத் தட்டுப் பக்கத்துல ஒரு புள்ள சோறு ஆறிப்போய்க் குந்திகினு கீதே, அத்த பாத்தியா நீ? ரெண்டு வருசமா உன்னால அது சூடா ஒரு வாய் துன்னல!"

லைன் கட்டானது.

சொல்லக் கூடாத பேச்சு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். மறுநாள் காலை டப்பா போட்டோவுக்கு "சாப்புடு கண்ணு" என்று மட்டும் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ராத்திரியும் அப்படியே. கீரையில் தண்ணீர் ஏரி மாதிரி நின்றது, ஒரு வார்த்தை இல்லை. அந்த இரண்டு நாள் எனக்கு இருந்த வெறுமை, அவள் விமானம் ஏறின நாளில்கூட இல்லை. வேனில் பிள்ளைகள் போட்ட கூச்சல் காதில் ஏறவில்லை. ஒரு பிள்ளையை அதன் வீட்டு வாசலில் இறக்காமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து நீளமாக ஒரு குரல் வந்தது. மெதுவாகப் பேசினாள். அறையில் கூட இருக்கிற பெண்கள் தூங்கியிருக்க வேண்டும்.

"யோவ். நான் சொல்றத கேளு. தட்டுல இன்னா கீதுன்னு நான் பாக்கறதே இல்லய்யா. மொத மாசம் பாத்தேன். அப்பால இல்ல. தட்டு ஓரத்துல அவ வெரலு வுழும் பாரு, அத்தத்தான் பெருசு பண்ணிப் பாத்துகினு இருப்பேன். நகம் வெட்டிகீதா, மருதாணி வெச்சிகினாளா, எங்கனா கீறிகினாளான்னு. வெரலு நீண்டுகினே போவுதுய்யா. அன்னிக்கு நீ அனுப்சதுல கட்ட வெரல்ல பிளாஸ்திரி இருந்துச்சி. முந்தா நாளு போட்டோவுலயே அது இல்ல. அதான் கண்டுபுடிச்சேன். கீரைய பாத்து இல்ல."

மூக்கை உறிஞ்சினாள்.

"பீட்ரூட்டு கரி, கீரையில தண்ணின்னு உன்ன திட்டறேனே, அது இன்னாத்துக்குன்னு நெனச்ச? திட்டனாதான நீ திருப்பிக் கத்துவ. உன் கத்தல கேக்கணும்ல எனுக்கு. அது இல்லாம இங்க எப்டிய்யா இருக்கறது?"

நான் அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொன்னால் வெட்கம். பிறகு போனில் இருந்த தட்டுகளையெல்லாம் ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். நாலு வயதில் தட்டின் விளிம்பில் மூன்று விரல் நுனி, குண்டு குண்டாக, நகத்துக்குள் மண். அப்புறம் கிறிஸ்துமஸுக்குப் போட்ட சிவப்பு நகப்பூச்சு, பாதி உரிந்தது. மசிக்கறை. பிளாஸ்திரி. கயிறு கட்டின மணிக்கட்டு. கடைசிப் போட்டோக்களில் ஒரு முழுக் கையே விளிம்பை வளைத்துப் பிடித்திருந்தது. நான் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தேன், தினம் குளிப்பாட்டினேன், இதைப் பார்க்கவே இல்லை. நான் தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரியிலிருந்து போட்டோ எடுக்கும்போது மகளிடம் சொல்வேன். "கைய இன்னும் உள்ள வை. நல்லா தெரியட்டும்." ஏன் என்று அவள் கேட்கவில்லை. கீரை எங்கே இருக்க வேண்டும் என்று அவள் சொல்கிற மாதிரி, கை எங்கே இருக்க வேண்டும் என்பது நான் சொல்கிற விஷயம், அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்தது ஒரு சித்திரை மாதம். அதற்குள் வீட்டுக்குத் தளம் போட்டு, சமையலறைக்கு மரக்கதவு வைத்திருந்தோம். மகளுக்கு ஆறரை வயது. வேனைக் கழுவிச் சுத்தம் செய்து ஏர்போர்ட்டுக்குப் போனோம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை என் பின்னால் போய் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"இது அம்மா. அம்மான்னு கூப்புடு" என்றேன்.

"அம்மா" என்றாள், ஸ்கூலில் மிஸ் கேட்டால் பதில் சொல்கிற மாதிரி.

அவள் நீட்டிய கை கீழே இறங்கியதை நான் பார்த்தேன். சிரித்தாள். "வுடு, பழகிக்க வழி நெடுக கீது" என்றாள்.

வேனில் எப்போதும் போல எனக்குப் பக்கத்து சீட்டில் மகள் ஏறிக்கொண்டாள். அவள் பின்னால் தனியாக உட்கார்ந்தாள். அத்தனை பிள்ளைகள் உட்காருகிற சீட்டுகளுக்கு நடுவில் ஒருத்தி. முட்டுக்காடு பாலம் வந்ததும், "அங்க பாரு கண்ணு, போட்டு" என்றாள். மகள் தலையைத் திருப்பிப் பார்த்தாள், படகை மட்டும். அப்புறம் என் காதுக்கிட்டே வந்து கேட்டாள்.

"இவங்க நம்ம வூட்லயா இருப்பாங்க?"

மெதுவாகத்தான் கேட்டாள். பின்னால் கேட்டிருக்காது என்று நினைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பியிருந்தாள். மறக்க விட மாட்டேன் என்று சொன்னவன் நான். இரண்டரை வருஷம் ஒரு வேளை விடாமல் தட்டை அனுப்பி, கடைசியில் போனுக்குள் ஒரு அம்மாவைத்தான் வளர்த்து வைத்திருக்கிறேனா என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் அவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். அன்றைக்குப் புதன்கிழமை இல்லை. ஆனாலும் கேழ்வரகு மாவு டப்பாவைக் கேட்டாள். நான் வாசல் மரத்தில் முருங்கைக்கீரை ஒடித்து வந்து உருவிக் கொடுத்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறினாள். ஈரத் துணியில் அவள் தட்டுகிற சத்தத்தை மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை. வீடெல்லாம் நல்லெண்ணெயும் கீரையும் வெந்த வாசனை.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவள் தோசைக்கல்லிலிருந்து அப்படியே எடுத்த அடையை மகளின் தட்டில் வைத்தாள். ஆவி பறந்தது. எதிரில் உட்கார்ந்து, "சாப்புடு கண்ணு" என்றாள்.

மகள் சாப்பிடவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை.

"நைனா, போனு."

நான் போனைக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? மகள் தட்டை நேராக வைத்தாள். இடது கையை விளிம்பில் வைத்து, நன்றாக உள்ளே தள்ளி, விரல்களை விரித்தாள்.

"கை நல்லா தெரியுதா நைனா?"

எதிரில் இருந்தவளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போட்டோ எடுத்தேன். மகளே வாங்கி அனுப்பினாள். ஃபிரிட்ஜ் மேல் இருந்த என் மனைவியின் போன் டிங் என்றது.

அவள் என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து ஃபிரிட்ஜ் மேலிருந்து போனை எடுத்துக்கொண்டு, சமையலறைக்குள் போய்ப் புதுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நொடிகூட ஆகியிருக்காது. நீலம்.

"அம்மா பாத்துச்சி நைனா!"

உடனே குரல். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முறை, போனில் ஒரு முறை. "சாப்புடு கண்ணு. அம்மா கையெல்லாம் பாத்துட்டேன். மோதிர வெரல்ல இன்னா, கொசு கடிச்சிகீதா?"

மகள் போனைப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எப்போதும் போல, பதில் வந்துவிட்டது, இனி சாப்பிடலாம் என்று ஐந்து விரலையும் அடையின் நடுவில் அழுத்தினாள். ஆறிப்போன தட்டையே தொட்டுப் பழகிய கை. அன்றைக்கு அடை ஆறவில்லை.

"ஆ! சுடுதும்மா!"

நைனா என்று கத்தவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையை உதறிக்கொண்டு கதவைப் பார்த்துத்தான் கத்தினாள். கதவு சுவரில் மோதித் திறந்தது. அவள் ஓடி வந்து தரையில் மண்டியிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக ஊதினாள். பிள்ளை கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊதி முடித்தபிறகும் அவள் விடவில்லை. பிறகு அடையைப் பிட்டு, ஆற்றி, ஒரு வாய் ஊட்டினாள். நான் என் தட்டை எடுத்து அவர்கள் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, சுடச்சுடச் சாப்பிட ஆரம்பித்தேன்.